நாற்சார் வீட்டுக்குள் பூதம் வேண்டாம்

2025 ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் ஒரு வீடியோ கேம் வெளியானது. விழா என்று சொல்ல ஏலாது. பேஸ்மென்டில் மகனுடைய கொம்பியூட்டருக்கு முன்னால் நான், பின்னால் காய்ந்த உடுப்புகளை மடித்தபடி மனைவி, படிக்கட்டின் கடைசிப் படியில் கம்பளிச் சட்டையோடு அப்பா. 15 வயது மகன் ஒரு பொத்தானை அழுத்தினான். கிட்டத்தட்ட இரண்டு வருட வேலை பத்து செக்கனுக்குள் ஏறி முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானோ?" என்று கேட்டார் அப்பா.

"அவ்வளவுதான் அப்பப்பா."

நீங்களும் என்னைப்போல இங்கே வளர்ந்து இங்கேயே பிள்ளை வளர்க்கிற ஆளென்றால், வீடியோ கேம் என்றதும் படியில் நின்று "காணும், நிப்பாட்டு" என்று கத்துகிற குரல்தான் முதலில் ஞாபகம் வரும். முதலில் எங்கட அப்பாமாரின் குரல், இப்போது எங்கட குரல். எனக்கும் அப்படித்தான். ஆனால் இந்த ஒரு கேமைப் பற்றி எழுதவேண்டும் என்று இருந்தது. அதற்குள் எங்கள் வீட்டு மூன்று தலைமுறையும் எப்படியோ வந்து மாட்டிக்கொண்டது.

மகன் செய்தது பழைய பாணியில் ஒரு மாயாஜாலச் சுடும் விளையாட்டு. துவக்குக்குப் பதில் மந்திரக்கோல். குண்டுக்குப் பதில் நெருப்பும் மின்னலும். படம் முழுக்கக் கட்டம் கட்டமாக, 1990களில் கொம்பியூட்டரில் தெரிந்த மாதிரியே இருக்கும். இப்போது இருக்கிற மெஷின்களுக்கு அப்படி இருக்கத் தேவையே இல்லை. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள், அதை விரும்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் நானும் ஒருவன். பிள்ளை எங்கே பழுதாய்ப் போனான் என்று தேடுகிற வேலை மனைவிக்கு இல்லை.

நான் பருத்தித்துறையில் பிறந்து, 5 வயதில் ஸ்காபரோவுக்கு வந்தவன். 1995இல் எனக்கு 11 வயது. ஒரு வீட்டின் நிலவறையை வாடகைக்கு எடுத்து இருந்தோம். அப்பாவுக்கு இரவு வேலை, பாண் சுடுகிற தொழிற்சாலையில். பகலில் நித்திரை. பகலில் வீட்டுக்குள் எல்லோரும் பூனை மாதிரித்தான் நடப்போம். மாமா ஒருவர் கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டர் ஒன்று வந்து சேர்ந்தது. அதில் போட்டுப் பார் என்று கூடப்படித்த பெடியன் ஒருத்தன் பிளொப்பிகளைக் கொண்டுவந்து தந்தான். ஹெரெட்டிக்.

அதன் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1993 டிசம்பரில் டெக்சஸ்காரரான ஐடி சாஃப்ட்வேர் என்ற சின்னக் கூட்டம் டூம் என்ற கேமை வெளியிட்டது. உலகம் முழுக்கப் பெடியங்கள் பைத்தியம் பிடித்து விளையாடினார்கள். அந்தக் கேமை ஓட்டுகிற நிரலை எஞ்சின் என்பார்கள். ஐடி அந்த எஞ்சினை விஸ்கொன்சின் மாநிலத்து மேடிசனில் இருந்த ரேவன் சாஃப்ட்வேருக்குக் கொடுத்தது. பிரையன் ரஃபெல், ஸ்டீவ் ரஃபெல் என்ற அண்ணன் தம்பி தொடங்கிய கொம்பனி அது. டூமைச் செய்தவர்களில் ஒருவரான ஜோன் ரொமேரோ, ஐடி பாவித்த அதே வகை நெக்ஸ்ட் கொம்பியூட்டர்களை மேடிசனில் பூட்டிக் கொடுத்து, எஞ்சினை எப்படிக் கையாளுவது என்று ரேவன்காரருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு வருடத்துக்குள், 1994 டிசம்பர் 23, ஹெரெட்டிக் வந்துவிட்டது. முதல் அத்தியாயம் இலவசம், யாரும் யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். மற்ற இரண்டும் வேண்டுமென்றால் காசு. எங்களிடம் காசு இல்லை. ஆகவே முதல் அத்தியாயத்தையே நான் எத்தனை தரம் முடித்தேன் என்று கணக்கில்லை.

டூமில் இல்லாத சிலதை ரேவன் சேர்த்திருந்தது. மேலே கீழே பார்க்கலாம். பறக்கலாம். கண்டெடுத்த பொருட்களைப் பைக்குள் வைத்துத் தேவைப்படும்போது பாவிக்கலாம். ஒரு முட்டை இருந்தது, அதை எறிந்தால் எதிரி கோழியாக மாறிவிடும். இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வரும். டூமில் சாகாவரம் பெற ஒரு இரகசியச் சொல் இருந்தது. எழுத்துகளைத் தட்டினால் எவரும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. அதே சொல்லை ஹெரெட்டிக்கில் தட்டினேன். அந்த இடத்திலேயே செத்தேன். களவு செய்யப் பார்த்தாய், இப்போது சாவு என்ற மாதிரி ஒரு வரி மேலே வந்தது. மேடிசனில் யாரோ ஒருத்தர் எனக்காகவே காத்திருந்து வைத்த பொறி என்று நினைத்தேன்.

ஒருநாள் பின்னேரம் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். அப்பா எழும்பி வந்துவிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு மறந்திருக்கும். சாரத்தைச் சரியாகக் கட்டக்கூட இல்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வேர்த்திருந்தது.

"என்னடா உது?"

"கேம் அப்பா. இது துவக்கு இல்லை. மந்திரக்கோல்."

என்னுடைய முழு வாதமும் அதுதான். அவர் திரையைப் பார்த்தார். நான் நின்ற இடத்தில் பூதம் ஒன்று செத்துக் கிடந்தது.

"எத்தனை பேரைச் சுட்டனீ?"

அந்தக் கட்டம் முடிந்ததும் எத்தனை எதிரி, எத்தனை பேரைக் கொன்றாய் என்று கணக்குக் காட்டும். அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு விளையாடு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் எந்தக் கேமையும் நான் சத்தத்தோடு விளையாடியதில்லை. ஹெரெட்டிக்கின் இசை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது கல்யாணம் முடித்த பிறகுதான். சத்தம் இல்லாவிட்டால் பின்னால் வருகிறது எதுவும் தெரியாது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் விளையாடுவேன். மகன் பார்த்துச் சிரிப்பான்.

அப்பாவிடம் ஏன் என்று நான் கேட்கவில்லை. 11 வயதில் காரணம் தெரியாது. 20 வயதில் தெரியும், ஆனால் கேட்கத் தெரியாது.

2019இல் அமிட் ஈவில் வாங்கினேன். ஹெரெட்டிக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதேமாதிரி ஒன்றைப் புதிதாகச் செய்த கேம் அது. செய்தவர்கள் இன்டிஃபாட்டிகபிள் என்ற நியூசிலாந்துச் சின்னக் குழு. வெளியிட்டது நியூ பிளட் இன்டராக்டிவ். 2018 மார்ச்சில், முழுதாக முடியாமலே விற்பனைக்கு விட்டார்கள். வாங்கியவர்கள் விளையாடிப் பார்த்துச் சொல்லச் சொல்ல மிச்ச அத்தியாயங்களைச் சேர்த்து 2019 ஜூனில் முடித்தார்கள். ஏழு அத்தியாயம். ஒவ்வொன்றிலும் வேறு உலகம், வேறு எதிரிகள். ஒரு அத்தியாயத்துக்குச் செய்த எதிரியை அடுத்ததில் திரும்பப் பாவிக்கவில்லை. ஒரு சின்னக் குழுவுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மகன் ஒரு பூதத்தின் காலை நான்கு நாளாகக் கீறியதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

அதில் ஒரு கோல் கிரகங்களைச் சுடும். உண்மையாகத்தான், ஒவ்வொரு அடிக்கும் ஒரு குட்டிக் கிரகம். சில நேரம் பூமியே போகும். 9 வயது மகன் எனக்குப் பின்னால் நித்திரை உடுப்போடு நின்று அதைப் பார்த்துவிட்டான். "அப்பா, நாங்கள் இருக்கிறதையே எறிஞ்சிட்டீங்கள்" என்றான். அன்றைக்குப் பிடித்தது அவனுக்கு. அதில் இரத்தமும் இருக்கிறது, அந்த வயதுக்கு நான் காட்டியிருக்கக் கூடாது என்று மனைவி சொன்னார். அவர் சொன்னது சரி. அதற்குப் பிறகு 13 வயது வரைக்கும் ஒளித்துத்தான் விளையாடினேன்.

13 வயதில், 2023 இலையுதிர் காலத்தில், அவன் தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். அமிட் ஈவிலைச் செய்த ஆட்கள் முதலில் கொம்பனி இல்லை. அவர்களும் யாரோ செய்த பழைய கேமை எடுத்து மாற்றி விளையாடியவர்கள்தான். ரைஸ் ஆஃப் த ட்ரையட் என்ற 90களின் கேமை டூம் எஞ்சினின் வழிவந்த ஒன்றில் திரும்பச் செய்து, ரிட்டர்ன் ஆஃப் த ட்ரையட் என்ற பெயரில் இலவசமாக விட்டவர்கள். ஐடி டூமின் மூல நிரலை 1997இலேயே எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1999 ஜனவரியில் ஹெரெட்டிக், ஹெக்ஸன் இரண்டின் நிரலையும் ரேவன் வெளியிட்டது. ஆகவே இன்றைக்கும் அந்த எஞ்சினை ஆட்கள் திருத்தித் திருத்திப் புதிய கொம்பியூட்டரில் ஓட்டுகிறார்கள். வரைபடம் கட்டுகிற கருவியும் சும்மா கிடைக்கிறது.

"அப்ப நானும் செய்யலாம்" என்றான்.

"செய்" என்றேன். இரண்டு கிழமையில் அலுத்துவிடும் என்று நினைத்தேன். கராத்தே அப்படித்தான் போனது. மிருதங்கமும் அப்படித்தான்.

அலுக்கவில்லை. முதலில் ஒன்பது கட்டம் என்று திட்டம் போட்டான். ஹெரெட்டிக்கில் ஒரு அத்தியாயத்துக்கு எட்டுக் கட்டமும் ஒளித்து வைத்த ஒன்றும் இருக்கும், அதே கணக்கு. ஒன்பது ஆறாகி, ஆறு நாலாகி, கடைசியில் மூன்றில் வந்து நின்றது. அதற்கிடையில் கணிதப் புள்ளி 82இலிருந்து 68க்கு இறங்கிவிட்டது. 10ஆம் வகுப்பு. டியூஷன் வைக்கவேண்டும் என்று மனைவி நின்றார். எங்கட வீடுகளில் இந்தக் கதை எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"உதை வித்துக் காசு வருமோ?" என்று மனைவி அவனிடம் கேட்டார்.

"இல்லை அம்மா. இது ஹெரெட்டிக்கின்ர படங்களைத்தான் பாவிக்குது. விக்க ஏலாது. விளையாடுறவையிட்ட ஒரிஜினல் ஹெரெட்டிக் இருக்கோணும்."

"அப்ப இது முழு கேமும் இல்லை, காசும் இல்லை."

"ஓம்."

அந்த "ஓம்" இல் வெட்கமே இல்லை. எனக்கு அதைப் பார்க்க ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பொறாமை. 2024 கிறிஸ்மஸ் விடுமுறைக்குள் முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் கொம்பியூட்டர் மேலே வரும் என்று கெடு வைத்தேன். அவன் திருப்பி என்னிடம் ராத் கதையைச் சொன்னான். ராத்: ஏயன் ஆஃப் ருயின் என்பதும் இதே வகைக் கேம்தான், பழைய குவேக் எஞ்சினிலேயே கட்டியது. 2019 நவம்பரில் அரைகுறையாக விற்பனைக்கு வந்தது, அடுத்த வருடமே முடிந்துவிடும் என்றார்கள். முடிந்தது 2024 பெப்ரவரியில். "பெரிய ஆக்களுக்கே நாலு வருசம் அப்பா. எனக்கு நீங்கள் மூண்டு மாசம் தாறீங்கள்." நான் கேமுக்கு இல்லை, கணிதத்துக்குத்தான் கெடு என்று சொல்லிச் சமாளித்தேன். கடைசியில் டியூஷனும் நடந்தது, கேமும் நடந்தது. கெடுவைப் பற்றி இரண்டு பேரும் பிறகு கதைக்கவில்லை.

அப்பா இதற்குள் வந்தது அந்தக் குளிர்காலத்தில். அம்மா போன பிறகு அவர் எங்களோடுதான் இருக்கிறார். பேஸ்மென்டில் ஹீட்டர் நல்ல சூடு என்று இறங்கி வந்து பத்திரிகை வாசிப்பார். ஒருநாள் மகனின் திரையில் கோடுகளைக் கண்டு, "உதென்ன, காணி வரைபடமோ?" என்று கேட்டார். எல்லை வேலிப் பிரச்சினை இல்லாத யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்று இருந்தால் காட்டுங்கள். எங்கட அப்பாமாருக்கு வரைபடம் வாசிக்க யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அந்த எஞ்சினில் கட்டம் கட்டுவதும் அப்படித்தான். மேலே இருந்து பார்க்கிற மாதிரிக் கோடு போட்டு, மூடிய ஒவ்வொரு துண்டுக்கும் நிலம் எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம் என்று இலக்கம் கொடுக்கவேண்டும். ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை வைக்க அந்த எஞ்சினுக்குத் தெரியாது. இப்போதைய திருத்திய எஞ்சின்களில் அது முடியும். ஆனால் அவன் 1994ஆம் ஆண்டு விதியை மீறமாட்டேன் என்று நின்றான். அவனுக்கு அது ஒரு விரதம் மாதிரி.

"மாடி கட்ட ஏலாது அப்பப்பா. எல்லாம் நிலத்தோடதான்."

"அப்ப எங்கட வீட்டைக் கட்டு. அதுக்கு மாடி இல்லை."

பகிடியாகத்தான் சொன்னார். அவன் பகிடியாக எடுக்கவில்லை. கடதாசியைக் கொடுத்துக் கீறச் சொன்னான். பீட்சாக் கடை விளம்பரத்தின் பின்பக்கத்தில் அப்பா கீறினார். நடுவில் திறந்த முற்றம். நாலு பக்கமும் விறாந்தை, விறாந்தையைச் சுற்றி அறைகள். நாற்சார் வீடு. பின்னால் அடுப்படி, அதற்குப் பின்னால் கிணறு. முன்னால் படலை வரைக்கும் மணல். சாமி அறை எந்தப் பக்கம் என்பதில் அவருக்கே சந்தேகம் வந்து இரண்டு நாள் யோசித்தார். நான் அந்த வீட்டில் பிறந்து 5 வயது வரைக்கும் இருந்தவன். எனக்கு ஞாபகம் இருந்தது முற்றத்து மழை மட்டும்தான். இப்போது அந்த வீடு இல்லை. அத்திவாரமும் கிணறும் மிச்சம் என்று போய்வந்த சித்தப்பா சொன்னார்.

இரண்டு பேரும் அளவில்தான் சண்டை பிடித்தார்கள். எஞ்சினில் விளையாடுகிற ஆளின் உயரம் 56 அலகு. அதை ஐந்தரை அடியாக வைத்து மகன் கணக்குப் போட்டான். அறை வாசல் எவ்வளவு உயரம் என்று கேட்டபோது, "குனிஞ்சுதான் போகோணும்" என்றார் அப்பா. 1994ஆம் ஆண்டு ஹெரெட்டிக்கில் குனிய முடியாது. வாசல் 56ஐ விடக் குறைந்தால் ஆள் வெளியிலேயே நிற்கவேண்டியதுதான்.

"குனியத் தெரியாதவன் எங்கட வீட்டுக்கு வந்தால் நிலையில மண்டை அடிபடுவான்" என்றார் அப்பா.

"அப்ப கேம் முடிஞ்சிடும் அப்பப்பா."

வாசலை உயர்த்தினார்கள். அப்பாவுக்கு அது கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை.

பெப்ரவரியில் வீடு முடிந்து, உள்ளே எதிரிகளை வைத்தான். அது இரண்டாவது கட்டத்தின் நடுவில் வருகிற இடம். விதிப்படி அங்கே பெரிய சண்டை வரவேண்டும். விறாந்தையில் நாலு, முற்றத்துக்கு மேலே பறக்கிறது மூன்று, அடுப்படியில் ஒளிந்திருக்கிறது ஒன்று. நான் விளையாடிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், நல்ல சண்டை. முற்றத்தில் நின்றால் நாலு பக்கத்தாலும் வரும். சத்தம் இல்லாமல் விளையாடிப் பழகிய எனக்கே மூன்று தரம் சாவு.

அப்பா பின்னால் நின்று பார்த்ததை நான் கவனிக்கவில்லை.

"ராசா, உந்த வீட்டுக்குள்ள ஏன் அடிபாடு?"

1995இல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே குரல். எனக்கு உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது. இந்தத் தரம் கதையை மாற்றி, மேலே கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி போட்டுக் கொடுப்போம் என்று எழும்பினேன். இத்தனை வருடமும் அப்படித்தானே செய்தேன். மகனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கதிரையைத் திருப்பிக்கொண்டு, "ஏன் அப்பப்பா, வீட்டுக்குள்ள அடிபாடு நடந்ததோ?" என்று கேட்டான். எனக்கு 30 வருடம் வராத கேள்வி, அவனுடைய தடக்குப்பட்ட தமிழில் அவ்வளவு இலேசாக வந்தது.

அப்பா இருந்தார். சொன்னார். 1987. வீட்டுக்குள் இல்லை, வீட்டுக்குப் பின்னால். கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டிய பங்கருக்குள் அப்பம்மா, 3 வயது நான், பக்கத்து வீட்டுக் கிழவி. ஷெல் அடிக்கிற சத்தமும் விழுகிற சத்தமும் இரண்டு. அடிக்கிற சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்குவார்களாம். எண்ணி முடிவதற்குள் விழுந்துவிடும். எங்கே விழுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லலாம். "உன்ர அப்பா எண்ணப் பழகினது அதுக்குள்ளதான்" என்று என்னைக் காட்டினார். எனக்கு அது தெரியாது. முதல் தரம் கேட்கிறேன்.

மகன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எதிரிகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினான். அடுப்படியில் இருந்ததும் போனது.

"வீட்டை எடுக்கச் சொல்லேல்லை" என்றார் அப்பா.

"வீடு இருக்கும். ஆனா வெளியில சுட்டா உள்ளுக்குக் கேட்கக்கூடாது. அதுக்கு ஒண்டு இருக்கு."

உண்மையாகவே அதற்கு ஒன்று இருக்கிறது. அந்த எஞ்சினில் எதிரிகளுக்குக் காது உண்டு. நீங்கள் ஒரு தரம் சுட்டால் சத்தம் திறந்திருக்கிற துண்டு துண்டாகப் பரவும், கேட்ட எதிரி எல்லாம் எழும்பி வரும். சத்தத்தை மறிக்கக் கோடு போடலாம். ஆனால் ஒரு கோடு காணாது. முதல் கோட்டைச் சத்தம் தாண்டிவிடும், இரண்டாவதில்தான் நிற்கும். மகன் படலையில் ஒரு கோடும் விறாந்தைப் படியில் ஒரு கோடும் போட்டான். வீட்டுக்குள் என்ன செய்தாலும் வெளியில் இருக்கிற பூதத்துக்குக் கேட்காது. அப்பாவுக்கு அதை விளங்கப்படுத்தியபோது அவர் தலையை ஆட்டினார். "ஓம், ஒரு சுவர் காணாது" என்றார். அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எதிரி இல்லாத வீடு விளையாட்டுக்குச் சரிவராது என்றுதான் நான் நினைத்தேன். ஒரு கட்டத்தின் நடுவில் ஒன்றுமே நடக்காத இடம் ஓட்டத்தைக் கெடுக்கும். அவனுக்கும் அது தெரியும். அடுப்படியில் காயத்துக்கு மருந்து வைத்தான், சாமி அறையில் ஒரு கோழி முட்டை வைத்தான். அவ்வளவுதான்.

கடைசி நாலு மாதமும் புதிதாக ஒன்றும் கட்டவில்லை, பிழை திருத்தியதுதான். திறக்காத கதவு, சுவருக்குள் மாட்டிய எதிரி, மந்திரம் தீர்ந்துபோய் நடுவழியில் நிற்கிற ஆள். ஒரு கதவைத் திருத்த இன்னொன்று கெடும். இதைத்தான் வேலை என்று சொல்வது என்று எனக்கு அப்போது பட்டது. நான் கணக்கியல் துறையில் செய்கிறதும் இதுதான்.

முதல் கிழமையில் 23 பேர் இறக்கினார்கள். அதில் ஐந்து பேர் எங்கட சொந்தக்காரர். ஹெரெட்டிக் இல்லாமல் இதை விளையாட முடியாது என்று தெரியாமல், ஒன்றும் வேலை செய்யவில்லை என்று லண்டனிலிருந்து சித்தி போன் எடுத்தார். ஆகஸ்ட் 7ஆம் தேதி இன்னொரு இடி. நைட்டைவ் ஸ்டூடியோஸ் ஹெரெட்டிக்கையும் ஹெக்ஸனையும் ஒன்றாகச் சேர்த்து, புதுப்பித்து, புதிய அத்தியாயங்களோடு வெளியிட்டது. இவனுடைய மூன்று கட்டம் எங்கே, அது எங்கே. சோறு வேண்டாம் என்று மேலே போய்ப் படுத்துவிட்டான். இரண்டு நாள் கழித்து அதையே வாங்கி விளையாடத் தொடங்கினான், நானும்தான். இசையைச் சத்தமாக வைத்தான். அப்பா பக்கத்தில் இருந்து பத்திரிகை வாசித்தார். பூதம் ஒன்று கோழியாகிக் கொக்கரித்தபோது பத்திரிகையை இறக்கிப் பார்த்தார். "உதை விடு, பாவம்" என்றார்.

புதுசு வந்த பிறகு பழைய ஹெரெட்டிக்கைத் தேடுகிறவர்களும் கூடினார்கள். இவனுடையதை இறக்கியவர்கள் 200ஐத் தாண்டினார்கள். யாரென்று தெரியாத ஒருவர் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். மூன்றாவது கட்டத்தில் ஒரு கதவு திறக்கவில்லை, முதல் கட்டம் நன்று, இரண்டாவதின் நடுவில் ஒரு வீடு சும்மா கிடக்கிறது, அதை எடுத்துவிட்டால் ஓட்டம் நன்றாக இருக்கும் என்று. நான் வாசித்துவிட்டு, இது எனக்குத் தெரிந்ததுதானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மகன் நன்றி சொல்லிப் பதில் எழுதினான். கதவைத் திருத்தினான். வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

அந்த வீட்டைப் பற்றி இப்போது முறைப்பாடு வைத்திருப்பது அப்பாதான். கிணற்றுக்குத் துலா இல்லையாம். துலா இல்லாத கிணற்றில் எப்படித் தண்ணீர் அள்ளுவது என்று கேட்கிறார். சரிவாக நிற்கிற மரத்தை அந்தப் பழைய விதியில் கோடு போட்டுக் கட்ட முடியாது, படமாகத்தான் கீறவேண்டும். எட்டுத் திசையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று எட்டுப் படம். ஐந்தைக் கீறினால் காணும், மிச்சம் மூன்றையும் எஞ்சின் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திருப்பிக் காட்டும் என்று மகன் சொல்கிறான். இதுவரைக்கும் மூன்று முடிந்திருக்கிறது. கயிறு இன்னும் சரிவரவில்லை.